நான்காயிரம் அடியில் ஒரு குடம்

மூன்று பதினாறுக்குத் திரை இருண்டது.
கோடை இடி, பல்லாவரம் பக்கம் எங்கோ.
அருள்தாஸ் மேசைக்கடியில் டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
"பத்து நிமிஷம் மேடம்" என்றான்.
அவனுடைய பத்து நிமிஷங்களை எனக்குத் தெரியும்.

மேலே ஐந்து விமானங்கள்.
ஐந்து பேரிடமும் ஒரே வாக்கியம் சொன்னேன்:
இனி உங்களை நான் பார்க்கவில்லை.
கையேட்டில் அதற்கு வேறு வார்த்தைகள்.
பொருள் அதுதான்.

தாவூத் காகிதப் பட்டைகளை அடுக்கினான்.
அடியில் கோயம்புத்தூர், மூவாயிரம் அடி.
அதன்மேல் மஸ்கட், நான்காயிரம்.
போர்ட் பிளேர். சிங்கப்பூர்.
எல்லோருக்கும் மேலே ஏழாயிரத்தில் கொல்கத்தா.
திரை இருந்தவரை அவர்கள் புள்ளிகள்.
இப்போது ஒருவருக்கு ஜலதோஷம் என்று தெரிந்தது,
ஒருவர் எண்களைச் சொல்லும் முன் மூச்சு இழுக்கிறார் என்று.

பம்மலில் எங்கள் தெருவுக்கு லாரி வரும் நாளில்
ஆள் நிற்பதில்லை, குடம் நிற்கும்.
இரண்டு குடத்துக்கு நடுவே மூன்றாவது நுழைந்தால்
அன்றைக்குக் காது கொடுத்துக் கேட்க முடியாது.
இங்கே இடைவெளி ஆயிரம் அடி.
நுழைந்தால் முதலில் சத்தமே இருக்காது.

விதி ஒரு வரிதான்:
கீழே இருப்பவர் "விட்டுவிட்டேன்" என்று சொல்லும்வரை
அந்த உயரம் அவருடையது.
விட்டிருப்பார் என்பதை எழுத
பட்டையில் கட்டம் கிடையாது.

ஒரு நிமிடம் போ. திரும்பு. ஒரு நிமிடம் வா. திரும்பு.
நான்கு நிமிடத்துக்கு ஒரு சுற்று.
எண்ணூறு பேர் தூங்கிக்கொண்டே சுற்றினார்கள்.
சுவர்க் கடிகாரம், பென்சில், ஆறிப்போன டீ.

கோயம்புத்தூர் கொளப்பாக்கத்து மொட்டைமாடிகளைத் தாண்டி
இறங்கியது. டவரிலிருந்து போன்: "தரை தொட்டாச்சு."
மஸ்கட் மூவாயிரத்துக்கு வந்தது, சொன்னது.
போர்ட் பிளேருக்கு நான்காயிரம் கொடுத்தேன்.

பதில் இல்லை.
எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தம்.
மறுபடி கூப்பிட்டேன். கடுகு.
சிங்கப்பூர்க்காரர் மிக மரியாதையாகக் கேட்டார்:
எரிபொருள் இருபத்தைந்து நிமிடம்,
ஐந்தாயிரம் எனக்கு எப்போது?
காத்திருங்கள் என்றேன்.
பென்சில் முனை ஐந்தின்மேல் நின்றது.
அடிக்கவில்லை.
போர்ட் பிளேர் இறங்கியிருக்கும்;
என் தலைக்குள் அது எப்போதோ இறங்கிவிட்டது.
என் தலை விமானம் ஓட்டுவதில்லை.

அப்போது மஸ்கட், யாரும் கேட்காமலே:
"உங்கள் குரல் அவருக்குக் கேட்கிறது.
அவர் குரல்தான் உங்களுக்கு வரவில்லை.
ஐந்தாயிரத்தை விட்டுவிட்டாராம்,
நான்காயிரத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்."
மலையாள வாடை அடித்த அந்த ஆங்கிலத்தை
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.
பிறகு அடித்தேன். ஒரே கோடு.

மூன்று ஐம்பத்தேழுக்குத் திரை விழித்தது.
மிச்சம் இரண்டு புள்ளிகள்.
சிங்கப்பூர் ஓடுதளத்துக்கு நேராக, தாழ்ந்தபடி.
கொல்கத்தா மட்டும்
நான் மனதில் வைத்திருந்த இடத்தில் இல்லை,
மூன்று மைல் கிழக்கே, கடல்மேல்.
தாவூத் பார்த்தான். நானும் பார்த்தேன்.
அந்த மூன்று மைலுக்கும் சேர்த்துத்தான்
ஆயிரம் அடி.

அருள்தாஸ் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.
"பத்து நிமிஷம்தான் ஆச்சு."

திரிசூலம் சுரங்கப்பாதை, ஷேர் ஆட்டோ, பம்மல்.
லாரி வந்திருந்தது. பாதித் தெரு ஈரம்.
பச்சைக் குடம், விளிம்பில் நகப்பூச்சால் என் இனிஷியல்,
நேற்றிரவு ஏழாவதாக வைத்துவிட்டுப் போனது
இரண்டாவதாக நின்றது.
யார் நகர்த்தினது என்று மேலே பார்த்துக் கேட்டேன்.
ரெஜினா வாய் நிறையப் பற்பசையோடு
மாடியிலிருந்து கையைக் காட்டினாள்,
தன்னையா, எதிர்வீட்டையா,
தெரியவில்லை.